வாய்ச்சுவை மாறினால் மருத்துவரிடம் எப்போது போவது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

காய்ச்சல் எத்தனை நாள் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், எந்த மார்புவலியைப் பொறுத்துக்கொண்டிருக்கக் கூடாது என்பன போன்ற செய்திகளைத் தங்கள் நாளிதழின் நலவாழ்வுப் பக்கத்தில் தொடர்ந்து படித்து வருகிறேன். ஆனால் வீட்டில் ஒருவர் "வாய் கசக்கிறது" என்றோ, "எதைச் சாப்பிட்டாலும் சப்பென்று இருக்கிறது" என்றோ, "நாக்கு செத்துப்போய்விட்டது" என்றோ சொன்னால், அதை எவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்வது என்பது நம்மில் பலருக்குத் தெரிவதில்லை. பெரும்பாலும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். இல்லையென்றால் கைபேசியில் இரண்டு நிமிடம் தேடிவிட்டு, புற்றுநோயாக இருக்குமோ என்று இரவெல்லாம் விழித்திருக்கிறோம். நான் மருத்துவன் அல்லன். இந்த விஷயத்தில் நான்கு மாதம் தவறாக நடந்துகொண்டு, அதன் பிறகு மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெளிவு பெற்றவன். சுவை எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வைத்து முடிவெடுப்பதுதான் நாம் செய்யும் பிழை என்று இப்போது நினைக்கிறேன். அந்த மாற்றத்துக்கு முன்னால் என்ன நடந்தது, அதனோடு சேர்ந்து வேறு என்ன வந்திருக்கிறது என்ற இரண்டு கேள்விகள்தான் அவசரத்தையும் பொறுமையையும் பிரித்துக் காட்டுகின்றன.

எனக்கு 63 வயது. கடந்த ஆண்டு வந்த ஒரு நீண்ட சளிக்குப் பிறகு சாப்பாட்டில் ருசி தெரியாமல் போயிற்று. வயதானால் நாக்கு மரத்துப்போகும் என்று நானே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டு, தட்டில் உப்பைக் கூடுதலாகத் தூவிக்கொள்ளத் தொடங்கினேன். நான்காவது மாதம் வழக்கமான பரிசோதனைக்குச் சென்றபோது இரத்த அழுத்தம் ஏறியிருந்தது. மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்கு முன்பு, உப்பு அதிகம் சேர்க்கிறீர்களா என்று மருத்துவர் கேட்டார். சேர்க்கிறேன் என்றதும் ஏன் என்று கேட்டார். நாக்கை நன்றாகப் பார்த்துவிட்டு, பழ வாசனையுள்ள ஒரு மிட்டாயை மூக்கை இறுகப் பிடித்துக்கொண்டு வாயில் போட்டுக்கொள்ளச் சொன்னார். இனிப்பு நன்றாகவே தெரிந்தது. மூக்கை விட்டவுடன் பழத்தின் மணம் எழுந்திருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் எழவில்லை. என் நாக்கில் எந்தக் குறையும் இல்லை, போயிருந்தது மோப்பம்தான். காது, மூக்கு, தொண்டை மருத்துவர் உள்நோக்கிக் கருவி மூலம் பார்த்தபோது மூக்கின் இரு புறத்திலும் சதை வளர்ந்திருந்தது. ஸ்டீராய்டு கலந்த மூக்குத் தெளிப்பானால் சில வாரங்களில் மணம் மெல்லத் திரும்பத் தொடங்கியது. உப்பைக் குறைத்துக்கொண்டேன்.

என்னைப் போல ருசி போய்விட்டது என்று மருத்துவரிடம் வருபவர்களில் பெரும்பாலோருக்குப் பழுதாகியிருப்பது மூக்குதானாம். உணவை மெல்லும்போது அதன் ஆவி அண்ணத்தின் பின்புறமாக மேலேறி மூக்கின் உச்சியைத் தொடுகிறது. நாம் ருசி என்று சொல்வதில் பெரும்பங்கு அங்கேதான் உணரப்படுகிறது. நாக்கு தன்னளவில் அறிவது இனிப்பு, புளிப்பு, உவர்ப்பு, கைப்பு ஆகிய நான்கையும், 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் கிகுனே இகேடா அடையாளம் கண்ட, இறைச்சிச் சாறு, காளான் போன்றவற்றில் உணரப்படும் உமாமி என்ற ஐந்தாவதையும்தான். அறுசுவை என்று நம் மொழி எண்ணும் வரிசையில் எஞ்சியிருக்கும் கார்ப்பையும் துவர்ப்பையும் உடலியல் நூல்கள் சுவையாகக் கொள்வதில்லை. கார்ப்பு என்பது சூட்டையும் வலியையும் உணர்த்தும் வேறொரு நரம்பின் வேலை. துவர்ப்பு பெரும்பாலும் தொடு உணர்வு. (முன்னோர் எண்ணியது தவறு என்று இதற்குப் பொருள் இல்லை. அவர்கள் வாயில் உணர்வதை எண்ணினார்கள், நூல்கள் நரம்பை எண்ணுகின்றன.) இந்த வேறுபாடு வெறும் ஏட்டறிவு அல்ல. காரம் உறைக்கிறது, ஆகவே நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்று சிலர் தம்மைத் தாமே சமாதானப்படுத்திக்கொள்கிறார்கள். காரம் உறைப்பதை வைத்துச் சுவையைப் பற்றியோ மணத்தைப் பற்றியோ எந்த முடிவுக்கும் வர முடியாது.

சளி பிடித்திருக்கும்போது ருசி போவதும், மூக்கு திறந்தபின் ஓரிரு வாரத்தில் திரும்புவதும் இயல்பு. அதற்காக யாரும் ஓடவேண்டியதில்லை. கோவிட் பரவிய காலத்தில் மூக்கு அடைக்காமலேயே மணமும் சுவையும் திடீரென மறைந்ததைப் பலர் கண்டோம். 2020 மே 18 அன்று பிரிட்டன் அதைத் தன் அதிகாரபூர்வ அறிகுறிப் பட்டியலில் சேர்த்தது. அத்தகைய தொற்றுக்குப் பிறகு வாரக்கணக்கில் மணம் திரும்பாதவர்களுக்கு மோப்பப் பயிற்சி என்ற எளிய முறை ஒன்று உண்டு. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில் தாமஸ் ஹும்மலும் அவருடைய குழுவினரும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு ஆகிய நான்கு மணங்களை நாள்தோறும் இரு வேளை, 12 வாரம் முகரச் செய்து பலன் கண்டார்கள். ஆனால் ஒரு பக்க மூக்கு மட்டும் அடைத்துக்கொண்டு அதிலிருந்து இரத்தம் கசிந்தால் பயிற்சி செய்துகொண்டு காத்திருக்கக் கூடாது. மோப்பம் குறைவதோடு கை நடுக்கம், நடையில் தளர்ச்சி, கையெழுத்து வரவரச் சிறுத்துப்போவது ஆகியவை சேர்ந்தால் நரம்பியல் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். பார்க்கின்சன் நோயில் மற்ற அறிகுறிகளுக்குப் பல ஆண்டுகள் முன்பே மோப்பம் குறைவதுண்டு. மோப்பம் குறைந்த எல்லோருக்கும் அந்த நோய் வரும் என்று இதைத் தலைகீழாகப் படித்துக்கொள்ளக் கூடாது.

மூக்கை அடுத்து நான் முதலில் சந்தேகிப்பது மருந்துப் பெட்டியை. சுவை மாறுவதற்கு முந்தைய சில வாரங்களில் புதிதாகத் தொடங்கியது என்ன, அளவு கூட்டியது என்ன என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தாலே பாதிப் புதிர் அவிழ்ந்துவிடும். நீரிழிவுக்கான மெட்ஃபார்மினும், மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லியும் வாயில் உலோகச் சுவையை உண்டாக்கக்கூடியவை. தூக்கத்துக்கான சோபிகுளோன் மறுநாள் காலைவரை கசப்பை விட்டுச்செல்லும். இரத்த அழுத்தத்துக்கான கேப்டோபிரில் சுவையைக் குறைக்கவோ திரிக்கவோ கூடும். கண்ணழுத்த நோய்க்கும் உயரமான மலைகளில் ஏறுபவர்களுக்கும் தரப்படும் அசெட்டசோலமைடை விழுங்கியவர்களுக்கு நுரைக்கும் பானங்களின் சுவையே மாறிவிடுகிறது. நகத்தில் வரும் பூஞ்சைத் தொற்றுக்கு வாரக்கணக்கில் சாப்பிடும் டெர்பினஃபினைத் தனியாகச் சொல்ல வேண்டும்: அதனால் போகும் சுவை, மருந்தை நிறுத்திய பிறகும் திரும்பிவரப் பல வாரங்கள், சிலருக்கு மாதங்கள்கூட ஆகின்றன; ஆகவே அதைச் சாப்பிடும்போது சுவை குறைந்தால் மருந்து முடியட்டும் என்று பொறுத்திராமல் உடனே எழுதிக்கொடுத்தவரிடம் சொல்வது நல்லது. குளோர்ஹெக்சிடின் கலந்த வாய்கொப்பளிப்பு மருந்தை யாரும் மருந்தாகவே எண்ணுவதில்லை. அதுவும் சுவையை மாற்றும்.

மாத்திரைதான் காரணம் என்று தெரிந்தவுடன் அதைத் தாமாகவே நிறுத்திவிடுவது இதைவிடப் பெரிய தவறு. இரத்த அழுத்தத்துக்கோ, நீரிழிவுக்கோ, வலிப்புக்கோ சாப்பிடும் மருந்தை வாய் கசக்கிறது என்பதற்காக நிறுத்துபவருக்கு, கசப்பைவிடக் கொடியது வந்து சேரலாம். பெரும்பாலும் மாற்று மருந்தோ வேறு அளவோ இருக்கும், கேட்டால்தான் கிடைக்கும்.

வாயைப் பொறுத்தவரை சுருக்கமாகவே சொல்லலாம். எச்சில் வற்றினால் சுவைப்பொருள் கரையாது, கரையாதது நாக்குக்குத் தெரியாது. காலையில் எழுந்ததும் புளிப்பு ஏறியிருந்து, நெஞ்செரிச்சலும் உண்டென்றால் இரைப்பை அமிலம் மேலேறுகிறது என்று கொள்ளலாம். ஆஸ்துமாவுக்கு ஸ்டீராய்டு உறிஞ்சி பயன்படுத்துபவர்களுக்கும் பல்செட் அணிபவர்களுக்கும் நாக்கில் வெண்படலமாகப் பூஞ்சை படர்வதுண்டு. உறிஞ்சியைப் பயன்படுத்திய பின் ஒவ்வொரு முறையும் வாய் கொப்பளித்தால் அதைப் பெருமளவு தவிர்க்கலாம். ஈறில் சீழ், சொத்தைப் பல் ஆகியவற்றுக்கு முதலில் போகவேண்டியது பல் மருத்துவரிடம். வாயில் ஆறாத புண்ணோ, சிவப்பு அல்லது வெள்ளைத் திட்டோ, தடித்த கட்டியோ 2 வாரத்தைத் தாண்டி இருந்தால், வலி இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டு தள்ளிப்போடக் கூடாது. வாய்ப்புற்று தொடக்கத்தில் வலிக்காமலும் இருக்கும். புகையிலை, மது பழக்கம் உள்ளவர்களுக்கு இது இன்னும் கூடுதலாகப் பொருந்தும்.

காரணம் ஏதும் தெரியாமல் சுவை மட்டும் மாறியிருந்தால் எத்தனை நாள் பொறுக்கலாம் என்று கேட்பவர்களுக்கும் 2 வாரம் என்றே சொல்வேன். சுவையரும்புகளில் உள்ள செல்கள் ஏறத்தாழ 10 நாள் முதல் 2 வாரத்துக்குள் புதுப்பிக்கப்படுகின்றன. சூடு பட்டோ சிறு தொற்றாலோ கெட்டது, பெரும்பாலும் அதற்குள் சரியாகிவிடும்; ஆகாதது வேறு எங்கோ இருந்து வருகிறது என்று எண்ண இடமுண்டு.

இந்த 2 வாரக் கணக்கு செல்லாத இடங்கள் உண்டு. என் கடிதத்தில் வேறு எதைத் தவிர்த்தாலும் இவற்றைத் தவிர்க்காமல் அச்சிட வேண்டுகிறேன். நாக்கின் முன்பகுதிச் சுவையைச் சுமக்கும் நரம்பு, முகத்தின் தசைகளை இயக்கும் அதே முகநரம்பின் கிளை. சுவை மாறியதோடு ஒருபக்க வாய் கோணுவது, கண்ணை மூட முடியாதது, கை அல்லது கால் தளர்வது, பேச்சுக் குழறுவது ஆகியவற்றில் எது சேர்ந்தாலும் அது ஆம்புலன்ஸை அழைக்க வேண்டிய நேரம். அது பக்கவாதமா, முகநரம்பு மட்டும் வீங்கிய பெல் வாதமா என்று வீட்டில் விவாதித்துக்கொண்டிருக்கக் கூடாது: பக்கவாதத்தில் இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் போடப்பட வேண்டும், பெல் வாதத்தில் ஸ்டீராய்டு 72 மணி நேரத்துக்குள் தொடங்கப்பட வேண்டும். தலையில் அடிபட்ட பிறகு மூக்கிலிருந்து தெளிந்த நீர் சொட்டி, தொண்டையில் உப்பாகவோ உலோகமாகவோ சுவைத்தால் அது சளியாக இல்லாமல், மூளையைச் சூழ்ந்திருக்கும் நீர் கசிவதாக இருக்கலாம். அதையும் உடனே காட்ட வேண்டும். நீரிழிவு உள்ளவருக்கு வாய் ஒரு மாதிரியாகச் சுவைத்து, மூச்சில் பழம் அழுகியது போன்ற வாடை வீசி, வாந்தியும் மூச்சுவாங்கலும் இருந்தால் அதுவும் அவசரமே.

உடன் வரும் அறிகுறிகளுக்கேற்ப ஒரே சுவையின் பொருள் எப்படி மாறுகிறது என்பதற்கு உலோகச் சுவையைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சி.டி. ஸ்கேனுக்காக இரத்தக் குழாயில் ஏற்றும் சாயமருந்து சில நொடிகள் உலோகச் சுவையையும் உடம்பில் வெதுவெதுப்பையும் தந்து மறையும். அதில் அஞ்ச ஒன்றுமில்லை. அதே சுவை, ஏதோ ஒரு மருந்தையோ உணவையோ எடுத்துக்கொண்ட சில நிமிடங்களில் தடிப்பு, அரிப்பு, உதட்டு வீக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றுடன் வந்தால் உயிரைப் பறிக்கக்கூடிய ஒவ்வாமையின் தொடக்கம். கருவுற்ற முதல் மாதங்களில் பல பெண்களுக்கு அதே சுவை வந்து, பின்னர் தானே தணிகிறது. முற்றிய சிறுநீரகச் செயலிழப்பிலும் அதே சுவைதான். ஆனால் அங்கே உணவைப் பார்த்தாலே குமட்டல், உடல் அரிப்பு, கால் வீக்கம், சோர்வு என்று ஒரு கூட்டமே கூட வருகிறது. ஈயம், பாதரசம் ஆகியவற்றோடு வேலை செய்பவர்கள் தம் தொழிலையும் மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நாக்கு வழவழப்பாகச் சிவந்து எரிந்து, பாதங்களில் ஊசி குத்துவது போல இருந்தால் வைட்டமின் பி12 குறைவைப் பரிசோதித்துப் பார்ப்பார்கள்.

எல்லோரும் தவறவிடும் ஒன்றை என் உறவினர் ஒருவரிடம் கண்டேன். சில வாரங்களுக்கு ஒருமுறை, எதுவும் சாப்பிடாத நேரத்தில், கருகிய உலோகம் போன்ற ஒரு சுவை அவர் வாயில் திடீரென எழும். வயிற்றிலிருந்து ஏதோ மேலேறுவது போலிருக்கும். ஒரு நிமிடத்துக்குள் மறைந்துவிடும். வாயுத்தொல்லை என்று வீட்டில் எல்லோரும் முடிவு செய்திருந்தோம். அந்த நேரத்தில் அவர் பேச்சை நிறுத்திவிட்டு வெறித்துப் பார்ப்பதை அவருடைய மகள்தான் முதலில் கவனித்தாள். நரம்பியல் மருத்துவர் பரிசோதித்துவிட்டு, அது மூளையின் ஒரு பகுதியில் மட்டும் எழும் வலிப்பு என்றார். கைகால் வெட்டி இழுத்தால்தான் வலிப்பு என்று நினைத்திருந்த எங்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்தது. நாள்முழுக்க நீடிக்கும் கசப்பை இதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். திடீரென வந்து, சில நொடிகளோ ஓரிரு நிமிடமோ மட்டும் இருந்து, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரியாகத் திரும்பத் திரும்ப வருவதுதான் இதன் அடையாளம். மருத்துவர் பார்க்கும்வரை வண்டி ஓட்டுவதையும் தனியாக நீந்துவதையும் அவர் நிறுத்திவைத்தார்.

புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள் சுவை மாற்றத்தை விதியென்று ஏற்றுக்கொண்டு வாய் மூடியிருப்பதைப் பார்க்கிறேன். வேகமாகப் பிரியும் செல்களைத் தாக்கும் மருந்துகள் சுவைச் செல்களையும் தாக்குவது எதிர்பார்க்கக்கூடியதுதான்; தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சு பெறுபவர்களுக்குச் சுவை திரும்பப் பல மாதங்கள் ஆகின்றன. எதிர்பார்த்தது என்பதால் சொல்ல வேண்டாம் என்றாகிவிடாது. சுவை இல்லாமல் உணவு குறைந்தால் எடை குறையும், எடை குறைந்தால் சிகிச்சையைத் தாங்கும் வலுவும் குறையும். சிகிச்சைக் குழுவில் உணவியல் வல்லுநர் இருப்பது இதற்காகத்தான்.

முதியவர்களுக்கும் அதே கவலை உண்டு. காரணம் எதுவானாலும், சுவை போனதால் 6 முதல் 12 மாதங்களுக்குள் உடல் எடையில் 5 விழுக்காட்டுக்கு மேல், முயற்சி எதுவும் இல்லாமலே குறைந்திருந்தால், 60 கிலோ எடையுள்ளவருக்கு அது 3 கிலோ, அதைப் பரிசோதிக்காமல் விடக்கூடாது. எடை குறையாதவர்கள் என்னைப் போல உப்பைக் கூட்டுகிறார்கள், அல்லது சர்க்கரையைக் கூட்டுகிறார்கள். நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவான உப்பே போதும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நான் என் தட்டில் தூவியதை அளந்து பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை. மணம் தெரியாதவர் எரிவாயுக் கசிவையும் கெட்டுப்போன உணவையும் அறிய மாட்டார் என்பதால், அவர் தனியாக வசித்தால் புகை உணர்த்தியும் எரிவாயு உணர்த்தியும் பொருத்துவது நல்லது; உணவுப் பொருள்களில் தேதி எழுதி வைப்பதும் உதவும்.

சுவை போனால் துத்தநாக மாத்திரை என்று ஒரு பேச்சு பரவியிருக்கிறது. உடலில் துத்தநாகம் குறைந்திருந்தால் சுவை கெடும் என்பது உண்மை. குறைவு இருப்பவருக்கு அது பயன் தரும். குறைவே இல்லாதவர் மாதக்கணக்கில் மிகுதியாகச் சாப்பிட்டால், துத்தநாகம் உடலில் செம்பு சேரவிடாமல் தடுத்து, இரத்தசோகையையும் நரம்புப் பாதிப்பையும் உண்டாக்கும். மூக்கில் இடும் துத்தநாகச் சளிமருந்துகளால் மோப்பமே போய்விடக்கூடும் என்று அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2009-இல் எச்சரித்ததையும் இங்கே நினைவூட்டுகிறேன்.

மருத்துவரிடம் போகும்போது, "ருசியே இல்லை" என்று மட்டும் சொல்லாமல், உப்பும் சர்க்கரையும் தனித்தனியாக நாக்கில் வைத்தால் தெரிகிறதா, மணம் தெரிகிறதா, இல்லாத சுவை ஒன்று எழுகிறதா, இருக்கும் சுவை திரிகிறதா, நாக்கின் ஒரு பக்கத்தில் மட்டுமா, எந்த நாளில் தொடங்கியது, அதற்கு முன் பல் பிடுங்கியதோ காதில் அறுவை சிகிச்சை செய்ததோ உண்டா என்பதைச் சொன்னால் அவருடைய வேலை எளிதாகிவிடும். காது எங்கே வந்தது என்று வியக்க வேண்டாம். சுவைநரம்பின் கிளை ஒன்று செவிப்பறைக்குப் பின்புறமாக, நடுச்செவியின் ஊடே செல்கிறது.

நலவாழ்வுப் பக்கத்தில் எழுதும் மருத்துவர்களுக்குத் தங்கள் வழியாக எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. முதியவர்களின் வழக்கமான பரிசோதனையில் எடையும் இரத்த அழுத்தமும் பார்க்கும்போது, "சாப்பாடு ருசிக்கிறதா?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கும்படி எழுதுங்கள். நானாக அதைச் சொல்லவே இல்லை. அன்றைக்கு இரத்த அழுத்தம் இயல்பாக இருந்திருந்தால் மருத்துவர் உப்பைப் பற்றிக் கேட்டிருக்க மாட்டார். நானும் மாத்திரைச் சீட்டை வாங்கிக்கொண்டு வீடு திரும்பியிருப்பேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்